குழலும் பியானோவும் இணையும்போது

சென்ற ஆண்டு ஒலியியல் பாடத்தை முடித்த வாரத்தில், வகுப்பில் ஓர் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்தேன். மேலை நாட்டுப் புல்லாங்குழல் ஒன்றும் பியானோ ஒன்றும் மட்டுமே ஒலிக்கும் கச்சேரி அது. நிரலில் இருந்த இசை அனைத்தும் பெண்கள் இயற்றியவை. நிலை அலைகள், விம்மல்கள், மேற்சுரங்கள் என்று கரும்பலகையில் எழுதியவற்றையெல்லாம் மாணவர்கள் காதாலும் அறியட்டும் என்பதே என் நோக்கம்.

கேட்டு முடித்ததும் இரண்டு வினாக்கள் எழுந்தன. பின் வரிசை மாணவன் ஒருவன், "சார், குழல் வாசிப்பவர்தான் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறார். பியானோ ஏன் குழலுக்குச் சேரக் கூடாது?" என்றான். முன் வரிசை மாணவி ஒருத்தி, "சார், பாட்டெல்லாம் பெண்கள் எழுதியது என்றீர்கள். ஆனால் இந்தப் பாடத்தில் நீங்கள் சொன்ன அறிவியலார் பெயர்களில் ஒரு பெண் பெயர்கூட இல்லையே?" என்று கேட்டாள்.

முதல் வினாவுக்கு உடனே விடை கூறிவிட்டேன். இரண்டாவதற்கு மறு வாரம்தான் விடை கூற முடிந்தது. அந்த இரண்டு விடைகளையும் உங்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரை.

ஊதும் காற்று இசையாவது எப்படி?

புல்லாங்குழலில் அதிர்வது எது? மூங்கில் அன்று, வெள்ளியும் அன்று. குழலுக்குள் இருக்கும் காற்றுத் தம்பமே அதிர்கிறது. வாசிப்பவர் உதடுகளைக் குவித்து, மெல்லிய நாடா போன்ற காற்றுத் தாரையை ஊதுதுளையின் எதிர் விளிம்பில் மோதச் செய்கிறார். அந்தத் தாரை ஒரு கணம் குழலுக்கு உள்ளேயும் மறு கணம் வெளியேயும் சாய்ந்து சாய்ந்து ஆடுகிறது. ஊஞ்சலை உரிய நேரத்தில் தள்ளிவிடுவது போல, ஒவ்வொரு முறை உள்ளே சாயும்போதும் காற்றுத் தம்பத்துக்கு ஆற்றலை ஊட்டுகிறது. இதனால் குழலுக்குள் நிலை அலைகள் எழுகின்றன.

குழலின் இரு முனைகளும் திறந்திருப்பவை. ஊதுதுளை ஒரு முனை. வாசிக்கும்போது திறந்திருக்கும் முதல் துளை மறுமுனை. திறந்த முனைகளில் எதிர்க்கணுக்கள் அமைவதால், காற்றுத் தம்பத்தின் நீளம் அலைநீளத்தில் பாதியாகிறது. அதாவது, ஒலியின் திசைவேகத்தைக் குழல் நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் காற்றில் ஒலியின் திசைவேகம் வினாடிக்கு 343 மீட்டர். மேலை நாட்டுக் குழலின் கீழ்ச் சுரம் பொதுவாக 262 ஹெர்ட்ஸ். 343-ஐ 524-ஆல் வகுத்தால் 0.655 மீட்டர், அதாவது 65.5 செ.மீ. வருகிறது. உண்மையில் ஊதுதுளையிலிருந்து குழலின் அடி வரை அளந்தால் ஏறக்குறைய 60 செ.மீ. தான் இருக்கும். எஞ்சிய நீளம், நீங்கள் ஆய்வுக்கூடத்தில் அறிந்த முனைத் திருத்தமே!

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 30 செ.மீ. நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்து, ஒரு முனையை உள்ளங்கையால் தட்டிக் கையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 'பொத்' என்று தாழ்ந்த ஒலி கேட்கும். அடுத்து, தட்டியவுடன் கையை எடுத்துவிடுங்கள். ஏறக்குறைய இருமடங்கு அதிர்வெண்ணில் ஒலி கேட்கும். முதலாவது ஒருமுனை மூடிய குழாய். இரண்டாவது இருமுனையும் திறந்த குழாய். பாடநூலின் இரண்டு சூத்திரங்களும் உங்கள் கையிலேயே இருக்கின்றன.

பொற்கொல்லர் செய்த குழல்

நம் மூங்கில் குழலில் விரல்களே துளைகளை மூடுகின்றன. விரலைச் சற்றே சாய்த்தால் துளை பாதி திறந்து சுரம் வழுக்கும், கமகம் பிறக்கும். மேலை நாட்டு இசையின் தேவை வேறு. அங்கு ஓர் எண்மத்துக்குள் உள்ள 12 சுரங்களும் ஒரே அளவு தெளிவுடன், எந்த வரிசையிலும், மிக விரைவாக ஒலிக்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் குழல் மரத்தால் ஆனது. ஒரே ஒரு மூடி உடையது. இடைப்பட்ட சுரங்களைப் பெற, நடுவில் ஒரு துளையைத் திறந்துவிட்டு அதற்குக் கீழுள்ள துளைகளை மூடும் உத்தியைக் கையாண்டார்கள். அவ்வாறு பெற்ற சுரங்கள் மங்கி ஒலித்தன.

இதற்குத் தீர்வு கண்டவர் ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த தியோபால்ட் போயம் (1794–1881). இவர் பொற்கொல்லராகவும் குழலிசைக் கலைஞராகவும் விளங்கியவர், ஒலியியலையும் கற்றவர். விரல்களுக்கு எட்டும் இடத்தில் துளைகளை இடாமல், இயற்பியல் சொல்லும் இடத்தில் இட்டார். அடுத்தடுத்த சுரங்களின் அதிர்வெண் விகிதம் 1.0595 என்றால், காற்றுத் தம்பத்தின் நீளமும் அதே விகிதத்தில் குறைந்துகொண்டே வர வேண்டும் அன்றோ? துளைகளும் பெரியனவாக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய, அவ்வளவு விலகிய துளைகளை விரல்கள் மூட இயலா. எனவே அச்சுகளும் வில்களும் மூடிகளும் கொண்ட ஓர் இயங்கமைப்பைச் செய்தார். பொற்கொல்லரின் கை இங்கே உதவியது. 1847-ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய, 19 மி.மீ. உள்விட்டமுடைய உருளைக் குழலே சிற்சில மாற்றங்களுடன் இன்றும் வாசிக்கப்படுகிறது.

பியானோ: தட்டிய பின் மாற்ற முடியாத ஒலி

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1700-ஆம் ஆண்டையொட்டிப் பார்த்தலோமியோ கிறிஸ்தோபோரி என்பவர் பியானோவை உருவாக்கினார். கட்டையை அழுத்தினால், கம்பளியால் போர்த்திய சிறு சுத்தியல் ஒன்று எழுந்து கம்பியைத் தட்டி உடனே விலகிவிடும். கம்பியைச் சுத்தியல் தொட்டிருப்பது வினாடியில் ஆயிரத்தில் சில பகுதிகள் மட்டுமே. அதன்பின் வாசிப்பவர் அந்த ஒலியைப் பெருக்க முடியாது; சுருதியைத் திருத்தவும் முடியாது. குழல் வாசிப்பவரோ மூச்சுள்ளவரை ஒரே சுரத்தை வளர்க்கலாம், தேய்க்கலாம், நடுங்கச் செய்யலாம். இவ்விரண்டும் சேர்வதில் உள்ள சுவையே இதுதான்: ஒன்றின் ஒலி பிறந்த கணத்திலிருந்து தேய்கிறது, மற்றொன்றின் ஒலி பிறந்த பின்னரும் வளர்கிறது.

இன்றைய பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. கம்பிகளோ ஏறத்தாழ 230. எல்லாக் கம்பிகளின் இழுவிசையையும் கூட்டினால் 18 டன் அளவுக்கு வரும். இதைத் தாங்கவே வார்ப்பிரும்புச் சட்டம் அமைக்கிறார்கள்.

ஆனால் கம்பி மட்டும் அதிர்ந்தால் நம் காதுக்கு எட்டாது. விசிறிக் காம்பை மட்டும் ஆட்டினால் காற்று வருமா? காம்போடு மட்டையும் வேண்டும். பியானோவில் மட்டையின் வேலையைச் செய்வது ஒலிப்பலகை எனப்படும் அகன்ற மெல்லிய மரப்பலகை. கம்பியின் அதிர்வு ஒரு பாலத்தின் வழியே பலகைக்குச் சென்று, பலகை முழுவதும் வளைந்து நெளிந்து அறைக் காற்றைத் தள்ளுகிறது. இந்தப் பலகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதனிடம் வருவோம்.

பெரும்பாலான சுரங்களுக்கு மூன்று கம்பிகள் உண்டு. தட்டியவுடன் மூன்றும் ஒரே கட்டத்தில் அதிர்ந்து பாலத்தை வலுவாக உலுக்குகின்றன. ஒலி உரத்துக் கேட்டு விரைவில் குறைகிறது. மூன்றின் அதிர்வெண்களும் இம்மியளவு வேறுபடுவதால், சற்று நேரத்தில் அவை கட்டம் மாறுகின்றன. ஒன்று மேலே இழுக்க, மற்றொன்று கீழே இழுக்கிறது. பாலத்துக்குச் செல்லும் ஆற்றல் குறைகிறது. எஞ்சிய ஒலி மெல்லியதாக நெடுநேரம் நீடிக்கிறது. காப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலார் 1977-இல் இதனை விளக்கினார். பியானோ 'பாடுவது' போலத் தோன்றுவது இந்தப் பின்னொலியால்தான்.

வெப்பம் செய்யும் குறும்பு

இப்போது மாணவனின் வினாவுக்கு வருவோம். ஒலியின் திசைவேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடுகிறது. கச்சேரி தொடங்கும்போது குழலுக்குள் இருந்த காற்று, மேடை விளக்குகளாலும் மூச்சாலும் 5 டிகிரி சூடாகிவிட்டது என்று கொள்வோம். திசைவேகம் 343-லிருந்து 346 ஆகிறது. 440 ஹெர்ட்ஸில் ஒலித்த 'ஏ' என்ற சுரம் ஏறக்குறைய 444 ஹெர்ட்ஸாக உயர்ந்துவிடும். பியானோவோ 440-இலேயே நிற்கிறது. சூட்டால் எஃகுக் கம்பிகள் நீண்டு இழுவிசை குறைந்தால், அதன் சுருதி சிறிது இறங்கவும் கூடும். ஒன்று ஏற, ஒன்று இறங்க, வினாடிக்கு நான்கு விம்மல்கள் கேட்கும்.

பியானோவைச் சரிசெய்ய வேண்டுமானால் 230 கம்பிகளையும் ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும். அது ஒரு மணி நேரத்துக்கும் மேற்பட்ட வேலை. குழலைச் சரிசெய்யவோ, அதன் தலைப்பகுதியைச் சற்று வெளியே இழுத்தால் போதும். எவ்வளவு? 'ஏ' சுரத்துக்குரிய நீளம் 39.0 செ.மீ.-லிருந்து 39.3 செ.மீ. ஆக வேண்டும். வெறும் 3 மி.மீ.! குழல் பியானோவுக்குப் பணிவதன் காரணம் மரியாதை அன்று, வசதியே.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. அதே 5 டிகிரிக்கு, 262 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு ஏறக்குறைய 6 மி.மீ. இழுக்க வேண்டும். தலைப்பகுதியை ஓர் அளவுக்குத்தானே இழுக்க முடியும்? எல்லாச் சுரங்களும் ஒருங்கே சரியாகா. எஞ்சிய பிழையை வாசிப்பவர் உதட்டின் கோணத்தாலும் மூச்சின் வேகத்தாலும் சுரத்துக்குச் சுரம் திருத்திக்கொண்டே செல்கிறார். அவர் காது, விம்மல்களை எண்ணாமல் எண்ணும் ஒரு கருவி.

வெப்பநிலையின் இந்தச் செல்வாக்கை உணர்ந்துதான், 1859-இல் பிரான்ஸ் அரசு நாட்டுக்கெல்லாம் ஒரே சுருதியை விதித்தபோது, 'ஏ' சுரம் 435 ஹெர்ட்ஸ் என்று மட்டும் கூறாமல், 15 டிகிரி வெப்பநிலையில் என்றும் சேர்த்துக் கூறியது.

காது கேட்பதும் கட்டை தருவதும்

வேறொரு சிக்கலும் உண்டு. பியானோவின் 12 சுரங்களும் 1.0595 என்ற சமவிகிதத்தில் அமைந்தவை. நம் அந்தர காந்தாரம் சட்ஜத்தோடு 5/4 என்ற விகிதத்தில் இழைந்து ஒலிக்கும். 440-ஐச் சட்ஜமாகக் கொண்டால் இது 550 ஹெர்ட்ஸ். ஆனால் பியானோவில் அந்த இடத்திலுள்ள கட்டை தருவது 554.4 ஹெர்ட்ஸ். குழல் வாசிப்பவர் தனித்து வாசிக்கும் இடத்தில் 550-ஐ நாடலாம். பியானோவும் அதே சுரத்தை ஒலித்தால் 554.4-க்கு ஏறியாக வேண்டும். இல்லையேல் மீண்டும் விம்மல்கள். நுட்பமான இவ்விட்டுக்கொடுத்தல் கச்சேரி முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. கேட்பவருக்கு அது தெரியாமல் இருப்பதே கலைஞரின் வெற்றி.

மணல் வரைந்த கோலம்

இனி மாணவியின் வினா. அதற்கு விடை பியானோவின் ஒலிப்பலகையில் இருந்தது.

எர்ன்ஸ்ட் கிளாட்னி என்ற ஜெர்மானியர் உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, விளிம்பில் வில்லை இழுத்து அதிரச் செய்தார். அதிரும் இடங்களிலிருந்து மணல் துள்ளி விலகி, அதிராத கணுக்கோடுகளில் சேர்ந்து அழகிய கோலங்களாயிற்று. பாரிஸில் இதைக் கண்டு வியந்தவர்களுள் நெப்போலியனும் ஒருவர். இக்கோலங்களைக் கணித முறையில் விளக்குவோருக்குப் பரிசு என்று 1809-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் அறிவித்தது.

அந்தப் பரிசைப் பெற்றவர் ஸோஃபி ஜெர்மெய்ன் (1776–1831) என்ற பெண்மணி. 1811-இல் அனுப்பிய கட்டுரையில் பிழைகள் இருந்தன. 1813-இல் பாராட்டு மட்டும் கிடைத்தது. மூன்றாம் முறையாக 1816-இல் பரிசு கிடைத்தது. தகடுகளின் அதிர்வை விளக்கும் கொள்கைக்கு அவர் இட்ட அடித்தளம், பின்வந்தோர் கைகளில் செம்மையுற்றது.

இத்தனைக்கும் அவர் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் அல்லர். பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் பாலிடெக்னிக்கில் பெண்களுக்கு இடமில்லை. விரிவுரைக் குறிப்புகளை வரவழைத்துப் படித்து, 'திருவாளர் லெப்ளாங்' என்ற ஆண் பெயரில் பேராசிரியர் லக்ராஞ்சுக்கு விடைகளை அனுப்பினார். அதே பெயரில்தான் மாமேதை காஸுக்கும் கடிதம் எழுதினார். 1889-இல் திறக்கப்பட்ட ஈபிள் கோபுரத்தில் 72 அறிவியலார், பொறியியலார் பெயர்களைப் பொறித்தார்கள். மீட்சியியலைக் கொண்டு நிற்கும் அந்தக் கோபுரத்தில் அன்று ஸோஃபியின் பெயர் இடம்பெறவில்லை.

கிளாட்னியின் பெயரைப் பல ஆண்டுகளாக வகுப்பில் சொல்லி வந்தவன் நான். ஸோஃபியின் பெயரை ஒரு முறையும் சொன்னதில்லை. பாடநூலில் இல்லை என்பது ஒரு காரணமாகலாம். ஆசிரியனுக்கு அது போதிய காரணம் ஆகாது.

நிரலில் இருந்த பெயர்கள்

அந்தக் கச்சேரியின் நிரலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். இப்போது அது வேறு விதமாகத் தெரிந்தது.

முதலில் இருந்தவர் வெனிஸ் நகரில் இசை பயின்ற அன்னா பான். 1756-இல் இவருடைய ஆறு குழல் சொனாட்டாக்கள் நூரம்பர்க்கில் அச்சாயின. ஒரே மூடி கொண்ட மரக்குழலுக்கு எழுதப்பட்டவை அவை. உடன் வாசித்தது கம்பிகளைத் தட்டாமல் சுண்டி மீட்டும் ஹார்ப்ஸிகார்டு.

அடுத்தவர் செசில் ஷாமினாத் (1857–1944). பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர இவருடைய தந்தை இசையவில்லை; அக்கல்லூரி ஆசிரியர்களிடம் தனியே பயின்றார். அதே கல்லூரி 1902-இல் தன் குழல் தேர்வுக்காக இவரிடமே ஓர் இசைப்படைப்பைக் கேட்டுப் பெற்றது. 'கான்செர்த்தினோ' எனப்படும் அதில் மின்னல்போல் ஓடும் சுர வரிசைகளைக் கேட்கலாம். போயத்தின் மூடிகள் இல்லையேல் அவற்றை அவ்வளவு தெளிவாக வாசிக்க இயலாது. கருவி வளர, இசையும் வளர்ந்தது.

மூன்றாமவர் மெலனி போனி (1858–1937). 1904-இல் குழலுக்கும் பியானோவுக்கும் நான்கு பகுதிகள் கொண்ட சொனாட்டாவை இயற்றினார். தம் பெயரை 'மெல்' என்று சுருக்கியே அச்சிட்டார். அப்பெயரைப் பார்த்து எழுதியவர் ஆணா பெண்ணா என்று கண்டுபிடிக்க முடியாது. நூறாண்டுக்கு முன் லெப்ளாங் என்று கையெழுத்திட்ட கணித மேதையின் நினைவு வருகிறதல்லவா?

நான்காமவர் லிலி பூலான்ஜே. பிரான்ஸின் புகழ்பெற்ற ரோம் பரிசுப் போட்டி 1903-இல்தான் பெண்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இசைக்கான முதற்பரிசை 1913-இல் வென்ற முதல் பெண் இவர். அப்போது வயது 19. 'ஒரு வசந்த காலைப் பொழுது' என்று பொருள்படும் இவருடைய படைப்பு 1917-இல் நோயின் நடுவே எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில், 24 வயதில், அவர் மறைந்தார். அந்தப் படைப்பைக் கேட்பவர் எவரும் அதில் நோயின் சாயலைக் காண மாட்டார்.

நிரலில் இல்லாத ஒருவரையும் இங்கே சொல்ல வேண்டும். லூயிஸ் ஃபரான்க் (1804–1875) பாரிஸ் இசைக் கல்லூரியில் 1842 முதல் 30 ஆண்டுகள் பியானோப் பேராசிரியராக இருந்தவர். ஆண் பேராசிரியர்களைவிடக் குறைந்த ஊதியமே தரப்பட்டது. 1850-இல் ஒன்பது கருவிகளுக்கான தம் இசை அரங்கேறிப் புகழ் பெற்றபின், சம ஊதியம் கேட்டுப் பெற்றார்.

திரைக்குப் பின்னால்

1971-இல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலார் ஒரு சோதனையை வெளியிட்டார். வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே அளவுள்ள மூன்று குழல்களைச் செய்து, கேட்பவர் கண்ணுக்குத் தெரியாதவாறு வாசிக்கச் செய்தார். எது எந்தக் குழல் என்று எவராலும் காதால் பிரித்துக் கூற முடியவில்லை. அதிர்வது காற்றேயாதலால் இதில் வியப்பில்லை.

1970-களிலிருந்து அமெரிக்க இசைக்குழுக்கள் பல, ஆள் தேர்வின்போது வாசிப்பவருக்கும் நடுவருக்கும் இடையே திரையைத் தொங்கவிடத் தொடங்கின. திரைக்குப் பின்னாலிருந்து வருவது அதிர்வெண், உரப்பு, ஒலிப்பண்பு ஆகிய மூன்றுதான். அதில் ஆண் என்றும் பெண் என்றும் எதுவும் எழுதியிருப்பதில்லை. ஆனால் பாராட்டும் பரிசும் பாடநூலும் ஒலிக்கு அல்ல, பெயருக்கே போய்ச் சேருகின்றன. அதனால்தான் பெயர்களை நாம் தெரிந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

குழலும் பியானோவும் இணைந்த இசையைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டினால், மூன்று இடங்களைக் கவனியுங்கள். பியானோவின் சுரம் தேயும்போது குழலின் சுரம் எவ்வாறு அதன் மேல் எழுகிறது? இரண்டும் ஒரே சுரத்தில் நிற்கும்போது விம்மல் கேட்கிறதா? ஒரு பகுதி முடிந்ததும் குழல் வாசிப்பவர் தலைப்பகுதியைத் தொட்டு இழுக்கிறாரா? இம்மூன்றையும் கண்டுகொண்டால் நீங்கள் ஒலியியலை நன்கு கற்றவர்.

மறு வாரம் வகுப்பில் ஓர் ஒலிபெருக்கியின் மேல் மெல்லிய எஃகுத் தகட்டைப் பொருத்தி, அதில் ரவையைத் தூவி, அதிர்வெண்ணை மெல்ல உயர்த்திக் காட்டினோம். கோலங்கள் ஒன்று கலைந்து ஒன்று பிறந்தன. பிறகு மாணவர்களின் குறிப்பேடுகளைத் திருத்த எடுத்தேன். எல்லாரும் 'கிளாட்னி உருவங்கள்' என்று தலைப்பிட்டிருந்தார்கள். முன் வரிசை மாணவி மட்டும் அதன் கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: 'விளக்கம்: ஸோஃபி ஜெர்மெய்ன், 1816.'

அந்த வரிக்கு நேரே ஒரு சரிக்குறி இட்டேன். இந்த ஆண்டுக் கரும்பலகையில் அதை நானே எழுதிவிட்டேன்.